சம்பந்திகளோடு ஈரவனத்தில்

ஜூலை 19, சனி

ஆடி மாதத்தில், அடைமழையில், காட்டுக்குள் போய்த் தங்கலாம் என்று யாருக்காவது தோன்றுமா? எங்கள் சம்பந்தி வீட்டாருக்குத் தோன்றியிருக்கிறது.

மாப்பிள்ளை தருண் பெங்களூரிலிருந்து போன் செய்தார். வால்பாறையைத் தாண்டி, தேயிலைத் தோட்டங்களும் முடிந்த பிறகு, மழைக்காட்டுக்குள் ‘ஈரவனம்’ என்று ஒரு தங்குமிடமாம். சொகுசு விடுதிதான். ஆனால் டிவி கிடையாது, மின்விசிறி கிடையாது, போன் எடுக்காது. அதெல்லாம் இல்லாததுதான் சொகுசே என்று எனக்கு விளக்கினார். ஆடியில் முகூர்த்தம் இல்லை, எல்லோரும் சும்மாதான் இருக்கிறோம், ஆவணி பிறந்தால் கல்யாண வேலை கழுத்தைப் பிடிக்கும், அதற்கு முன் இரண்டு குடும்பமும் சேர்ந்து நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றார். “எங்கம்மாவுக்கு அங்க போகோணும்னு நெம்ப நாளா ஆசைங்க அத்தை” என்று முடித்தார். சம்பந்தியம்மா ஆசைப்பட்ட பிறகு நான் என்ன சொல்வது? போகலாம் என்றேன்.

அப்புறம் ஒரு கேள்வி. “உங்க டிராவல் ஸ்டைல் என்னங்க அத்தை? ரிசார்ட்டுல கேக்கறாங்க.”

இந்த வயதுவரை என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. உண்மையிலேயே யோசித்தேன். எனக்குப் பயணம் என்றால் வேன். காலடியில் புளிசாதத் தூக்கு. கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ், குழாயைத் திருகினால் சுடுதண்ணீர், வெள்ளைப் படுக்கை விரிப்பு, கரப்பான் இல்லாத குளியலறை. சாமி கும்பிட்டு முடித்தால் திரும்பி வந்து சொந்தக் கட்டிலில் படுக்க வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று வாயைத் திறப்பதற்குள், “அட்வென்ச்சர்னு சொல்லீடறேனுங்க” என்று அவரே போனை வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அங்கே எதைக் கொடுத்தாலும், எங்கே படுக்க வைத்தாலும், “நல்லா இருக்குதுங்க” என்பதைத் தவிர வாயிலிருந்து வேறு எதுவும் வரக்கூடாது. எங்கள் பெண் மிருதுளாவுக்கு இருபத்தெட்டு ஆகிறது. போன வருஷம் திருச்செங்கோட்டு இடம் நிச்சயம்வரை வந்து நின்றுபோனது இவர் வாயால்தான். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில், கொடுத்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “காப்பி தண்ணியா இருக்குது” என்றார். வந்த அன்றைக்கே குற்றம் கண்டுபிடிக்கிற குடும்பம் என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆவணி முகூர்த்தம் முடிகிறவரை இந்த வீட்டில் யாருக்கும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கிடையாது. அது எனக்கும் சேர்த்துத்தான்.

மிருதுவைக் கேட்டேனா என்றார் இவர். கேட்க என்ன இருக்கிறது? அவளுக்கு மழை என்றால் உயிர். சின்னதில் தூறல் போட்டால் மொட்டை மாடியை விட்டு இறங்க மாட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு பை தனியாகக் கட்டினேன். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், நெய், தட்டுவடை, ஒரு மின்கெட்டில். சம்பந்தி கண்ணில் பட்டால் ‘நம்ம ஏற்பாட்டை நம்பவில்லை’ என்று நினைப்பார்கள், அதனால் மேலே புடவைகளைப் போட்டு மூடிவிட்டேன். எதிர்வீட்டு அம்மா அங்கே அட்டை இருக்கும் என்றாள். உப்பைத் தூவினால் விழுந்துவிடுமாம், ஒரு பாக்கெட் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அட்டையை நினைத்தாலே எனக்குத் தொண்டைக்குள் ஏதோ ஊர்கிறது.

ஜூலை 24, வியாழன்

வந்து சேர்ந்தோம். வழியில் கோவையில் மிருதுவை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றிக்கொண்டோம். பிசியோதெரபி முடித்து நாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். காரில் ஏறியதும் தூங்கிவிட்டாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாதைக்குக் கார் போகாது. எல்லோரையும் ஒரு ஜீப்பில் அடைத்தார்கள். சம்பந்தியம்மா வசந்தாமணி என் மேல் விழுந்தார், நான் இவர் மேல் விழுந்தேன், சம்பந்தி குழந்தைவேலு கூரைக் கம்பியில் தலையை இடித்துக்கொண்டார். இறங்கியதும் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்து, “பயணமே நெம்ப நல்லா இருந்துச்சுங்க” என்றோம்.

மேனேஜர் அபிஜித் என்ற பையன், பச்சையாக ஒரு பானத்தை மூங்கில் குவளையில் நீட்டினான். குளத்துப் பாசியைக் கரைத்ததுபோல் இருந்தது. வாயில் வைத்ததும் உமட்டியது. விழுங்கினேன். அவன் ஒவ்வொருவரிடமும், இங்கே என்ன எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள், நடக்கப் பிடிக்குமா, சும்மா இருக்கப் பிடிக்குமா என்று அன்பாகக் கேட்டான். மாமாவுக்குப் பறவை, அத்தைக்கு மூலிகை, அம்மாவுக்கு அமைதி, மிருதுவுக்கு மழைநடை என்று தருணே வரிசையாகப் பதில் சொல்லிவிட்டார். மூலிகைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அதே நாள், சாயங்காலம்

எங்கள் மூவருக்கும் ஒரு குடில். சம்பந்திகளுக்குப் பக்கத்துக் குடில். தருண் தனியாக மேட்டில்.

குளியலறைக்குக் கூரை இல்லை. பாதிச் சுவரும் இல்லை. குளிக்கும்போது காடு தெரிய வேண்டுமாம். காடு என்னைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? கக்கூஸில் தண்ணீர் ஊற்றும் பழக்கமே கிடையாது. போய்விட்டு, பக்கத்துத் தொட்டியிலிருந்து மரத்தூளை அள்ளிப் போட வேண்டும். பூனை மாதிரி. அது மக்கி உரமாகிச் செடிக்குப் போகிறது, அந்தச் செடியிலிருந்து கீரை நமக்கு வருகிறது என்று அபிஜித் பெருமையாக விளக்கினான். ராத்திரிச் சாப்பாட்டில் அந்தக் கீரை இருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

தலையணையில் ஈரநாயின் வாசனை. துண்டு நேற்றைக்கு முன்தினம் துவைத்ததாக இருக்கும், இன்னும் காயவில்லை, இனிமேலும் காயாது. பல்துலக்கும் பிரஷ்ஷில் ஓடில்லாத நத்தை ஒன்று ஏறி, வழவழவென்று தடம் போட்டிருந்தது. பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு விரலால் விளக்கினேன்.

“நெம்ப அருமையான எடமுங்க, நல்ல யோசனை உங்களுக்கு” என்று வசந்தாமணியிடம் சொன்னேன். அந்த அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, “ஆமாங்க, நெம்ப அருமைங்க” என்றார்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. வீட்டில் இருந்திருந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியிருப்பேன். இங்கே காலையில் சின்னக் கிண்ணத்தில் ஊறவைத்த தினையும், அதன் மேல் ஒரு பூவும் கொடுத்தார்கள். பூவைச் சாப்பிட வேண்டுமாம். சாமிக்குப் போடுகிற பொருளை வாயில் போட்டு மென்றேன், கசந்தது.

காப்பி வந்தது. இவர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். “நல்லா இருக்குதுங்க” என்றார். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மிருதுவின் காப்பிக்குச் சர்க்கரை வந்தபோது தருண், “அவளுக்கு வேண்டாம், விட்டுட்டா” என்று திருப்பி அனுப்பினார். மிருதுளா சின்னப் பிள்ளையிலிருந்தே இரண்டு கரண்டி போட்டுக் குடிப்பவள். எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மடக்கு குடித்தாள், மிச்சம் ஆறிப்போயிற்று.

மத்தியானம் முழுக்க மழை. சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்ற பேச்சு வந்தது. பெங்களூரில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாராம் தருண். “ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு வந்துருவாளுங்க அத்தை. ஒரு வருஷம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லீட்டேன்” என்றார். எனக்கு இது புதுச் செய்தி. மிருதுவும் தலையை நிமிர்த்தினாள், அவளுக்கும் புதிதாக இருந்திருக்கலாம். ஆனால் அங்கே வெளிச்சம் குறைவு, முகம் சரியாகத் தெரியவில்லை. ஓய்வு கொடுக்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? நல்லதுங்க என்றேன்.

பெட்டியைத் திறந்தால் என் பட்டுப் புடவையில் பூஞ்சை. ஒரே நாளில். சீ, என்ன ஊர் இது.

ஜூலை 26, சனி

காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தோம். எழுத ஒன்றும் இல்லை.

அதே நாள், பொழுது சாய்ந்தபின்

சரி, எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது.

முழங்கால்வரை துணி உறை ஒன்று கட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள், அட்டை ஏறாமல் இருக்க. நாங்கள் எல்லோரும் கட்டிக்கொண்டோம். மிருதுவுக்கு வேண்டாம் என்று தருண் சொல்லிவிட்டார். காட்டை நேரடியாக அனுபவிக்க வேண்டுமாம், அவள் பயந்தவள் இல்லையாம். அவரும் போட்டுக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

தரை முழுக்க அழுகிய இலை. கால் வைத்தால் சளியில் மிதித்ததுபோல் உள்ளே போகிறது. ஒவ்வொரு இலை நுனியிலும் நூல்போல் ஒன்று எழுந்து நின்று, மூக்கை ஆட்டி ஆட்டி நம்மைத் தேடுகிறது. நான் முருகா முருகா என்று நடந்தேன். முன்னால் போன மிருது நின்றுவிட்டாள். கணுக்காலுக்கு மேலே, சதையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எடுக்கக் குனிந்தாள். தருண் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிய்த்தால் பல் உள்ளேயே தங்கிவிடும், குடித்து முடித்தால் தானாக விழுந்துவிடும், வலிக்காது, இதெல்லாம் வாழ்க்கையில் ஒருதடவைதான் என்றார். இன்னொரு கையில் போனை வைத்து வீடியோ எடுத்தார். “எடுத்துருங்க” என்றாள் மிருது. “பாரு பாரு, எவ்ளோ அழகா குடிக்குது” என்று சிரித்தார். அவள் மறுபடியும் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. அந்தக் கருமம் எங்கள் எல்லோர் கண்முன்னும் பருத்துக்கொண்டே போனது. நூலாக இருந்தது நாவல்பழம் அளவுக்கு ஆனது, வழவழவென்று மின்னியது. இவர் மரத்தைப் பார்த்தார். குழந்தைவேலு வழிகாட்டி வந்த ஆளிடம் ஏதோ பறவையைப் பற்றிக் கேட்டார். வசந்தாமணி மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கைப்பையில் உப்பு இருந்தது. கையை உள்ளே விட்டு, பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சம்பந்தியம்மா பக்கத்தில் நிற்கும்போது, மாப்பிள்ளை ஒன்று செய்துகொண்டிருக்கும்போது, மாமியார் குறுக்கே விழுந்து உப்பைக் கொட்டினால் நன்றாக இருக்குமா? அட்டை விழுந்தது. அவர் கையை விட்டார். “வெரி குட்” என்று அவள் முதுகில் தட்டினார்.

ரத்தம் நிற்கவே இல்லை. குடிலுக்கு வந்த பிறகும் ஒழுகியது. மிருது அந்தக் கூரையில்லாத குளியலறையில் வெகுநேரம் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள், மணிக்கட்டையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டே, “ஏம்மா, ஆவணில எத்தனாந்தேதி?” என்று கேட்டாள். அவள் கல்யாணத் தேதி அவளுக்கே தெரியாதா என்ன. களைப்பு.

எனக்கு அட்டைதான் ஆகவில்லை. வேறொன்றும் இல்லை. இந்த ஊரில் ஊர்வது எல்லாமே அருவருப்பு.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷம். தருண் வந்து, இன்னும் ஒரு ராத்திரி நீட்டித்தாயிற்று என்றார். மிருதுவுக்குப் போகவே மனசு இல்லையாம். மிருது அப்போது என் பின்னால் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நாளைக்கு அவளுக்கு டியூட்டி. அவள் பையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். “ஆகட்டுமுங்க மாப்ள” என்றேன், பெட்டியை மறுபடி அவிழ்த்தேன். உள்ளிருந்து வந்த நாற்றத்தில் தும்மல் வந்தது.

மத்தியானம் ஒரு கூத்து நடந்தது. மழைக்கு நடுவே எங்கிருந்தோ அரிசிம்பருப்புச் சாதத்தின் வாசம் வந்தது. பூண்டு, சீரகம், நெய் எல்லாம் சேர்ந்த அசல் வாசம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சம்பந்தி குடிலின் கதவிடுக்கில் ஆவி. தட்டினேன். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். கதவைத் திறந்த வசந்தாமணி முந்தானையால் எதையோ மறைத்தார். குக்கர். சின்னக் கரண்ட் குக்கரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் திரும்பிப் போய் என் பையை எடுத்துவந்து, ஊறுகாயையும் நெய்யையும் அவர் எதிரில் வைத்தேன்.

“வயித்துக்கு ஒத்துக்கலீங்க, அதுனாலதான். மத்தபடி எடம் நெம்ப அருமை” என்றார்.

“எனக்கும் அப்படித்தானுங்க. எடத்துல ஒரு குறையும் இல்லீங்க” என்றேன்.

இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒணத்தியாக, நாக்குக்கு ருசியாக இருந்தது. கை கழுவும்போது அந்த அம்மா, மிருதுவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். வேறு ஏதோ சொல்ல வந்தவர்போலத் தெரிந்தது. மூன்றாவது தட்டில் சோறு போட்டு, “அம்மிணிக்குக் கொண்டுபோய்க் குடுங்க” என்றார்.

ஜூலை 28, திங்கள்

காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, பாதை அப்படி.

காலையில் எல்லோரும் ஒரே மேஜையில் இருந்தோம். அபிஜித் வந்து, இங்கே இருந்தது எப்படி இருந்தது, உங்களுக்கு ஒத்துவந்ததா, மறுபடி வருவீர்களா என்று கேட்டான். நல்ல பையன்தான், உண்மையாகத்தான் கேட்டான். வழக்கம்போலத் தருண் சொன்னார்: எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது, தீபாவளிக்கும் இதே குடில்களை இப்போதே எழுதிக்கொள். பிறகு என் பக்கம் திரும்பி, “தலைதீபாவளிய இங்கயே வெச்சுக்கலாமுங்க அத்தை. மிருதுவோட ஆசை” என்றார்.

தலைதீபாவளி. பெண்ணைப் பெற்ற வீட்டில் எண்ணெய் தேய்த்து, வாசலில் வெடி வெடித்து, பலகாரம் சுட்டு மருமகனுக்குப் பந்தி வைக்கிற நாள். அதை இந்தப் பூஞ்சைக்குள், அந்தக் கீரையோடு, கூரையில்லாத குளியலறையில் எண்ணெய் வழிய நின்றுகொண்டு? நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவர் என் காலை மிதித்தார். இந்தத் தடவை அவர் மிதித்தார்.

“எனக்கு இந்த எடம் பிடிக்கலீங்க” என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. துண்டு நாறுகிறது, தலையணை நாறுகிறது, அந்தப் பச்சைத் தண்ணீரைக் குடித்ததிலிருந்து வயிறு சரியில்லை, மரத்தூளை அள்ளிப்போட எனக்கு என்ன தலையெழுத்து, பாவம் தம்பி நீ தப்பாக நினைக்காதே, உன் இடம் விரும்புகிறவர்களுக்கு நல்ல இடமாக இருக்கும், எனக்கு ஆகாது என்று அபிஜித்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சம்பந்தியம்மா மனசு நோகுமே என்று இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன்.

“என்ற மனசா?” என்றார் வசந்தாமணி. “நானுந்தானுங்க வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். உங்க ஊட்டுல ஆசைப்படறாங்கன்னுதானுங்க வந்தோம்.”

“எங்க ஊட்டுலயா? உங்களுக்கு நெம்ப நாளா ஆசைன்னாருங்களே மாப்ள.”

இருவரும் தருணைப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் அசையவில்லை, சிரித்தார். அப்படிச் சொன்னால்தான் இரண்டு வீட்டாரும் கிளம்புவீர்கள் என்று தெரியும், வந்த பிறகு எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருந்தீர்கள் என்றார். குழந்தைவேலு தன் முதுகு வந்த நாளிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். கடைசியில் என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“காப்பியும் தண்ணிதானுங்க.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அபிஜித்தும் சிரித்தான். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து எங்கள் இரண்டு குடும்பமும் அப்படி ஒன்றாகச் சிரித்ததே இல்லை. திருச்செங்கோட்டில் முறிந்தது இங்கே ஒட்டிக்கொண்டது என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். அப்போதுதான் மிருது சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தேன். குனிந்து கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

“உனக்கு எப்படி இருந்துச்சு கண்ணு?” என்று கேட்டேன்.

“அவளுக்கு” என்று தருண் ஆரம்பித்தார்.

“அவ சொல்லட்டுங்க மாப்ள” என்றேன்.

அவள் யாருக்குமே பொறுக்காத அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன், அடக்கிக்கொண்டேன்.

“எனக்குக் காடு பிடிச்சுதும்மா. மழையும் பிடிச்சுது” என்றாள். பிறகு தருணைப் பார்த்தாள். “நான் எடுத்துருங்கன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். நீங்க கையப் பிடிச்சுக்கிட்டீங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க.”

“ஒரு அட்டைக்காகவா?” என்றார் தருண். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

“ஆமாங்க. அட்டைக்காகத்தான்.”

அவர் எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், யாராவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்பதுபோல. குழந்தைவேலு தொண்டையைச் செருமினார். பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது, மண்டபம் சொல்லியாயிற்று, சொந்தத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது, எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் தடுக்க வேண்டும் என்று திரும்பினேன். அவர் மிருதுவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தருண் எழுந்து மழையிலேயே நடந்து மேட்டுக்குப் போனார். வசந்தாமணி மகன் பின்னால் எழுந்தார். போகிறபோது மிருதுவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “அன்னிக்கு நானும் பாத்துக்கிட்டுத்தானே அம்மிணி நின்னேன்” என்றார். அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காரில் மிருது முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தடவை தூங்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

துவைத்தேன். எல்லாவற்றையும் சுடுதண்ணீரில், இரண்டு தடவை. பட்டுப் புடவை போனது போனதுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போயிருக்கிறது. நாங்கள் போகவில்லை. போனால் கேட்பார்கள்.

போனிலேயே கேட்கிறார்கள். என் அண்ணன் பெண்டாட்டி, பையன் குடிப்பானா, வேறு பெண் சகவாசமா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். இல்லை என்றேன். பின்னே என்னதான் செய்தான் என்றாள். அட்டை கடிக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டான் என்றேன். “உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?” என்றாள். இவளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? அந்த வழவழப்பை, அது பருத்ததை, அவர் சிரித்ததைச் சொல்லலாம். எனக்குச் சொல்ல நாக்கூசியது. நினைத்தால் இன்றைக்கும் உமட்டுகிறது. அந்தத் தருணை நினைத்துத்தான். அட்டை பாவம், அதற்கு என்ன தெரியும்.

தருண் அந்த வீடியோவை மிருதுவுக்கு அனுப்பி, இதில் தப்பாக என்ன இருக்கிறது, நீயே பார் என்று கேட்டிருக்கிறார். அவள் பார்க்காமல் அழித்துவிட்டாள். நான் மட்டும் பார்த்தேன், அவள் அழிப்பதற்கு முன்னால். ஓரத்தில், முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, கைப்பைக்குள் கையை விட்டபடி ஒரு பொம்பளை நிற்கிறாள். நடுவில் ஒருதரம் அவளும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. சீ.

மிருது இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். கடித்த இடம் தடித்துக் கறுத்திருக்கிறது, அரிப்பு நிற்கவில்லை. காலையில் காப்பிக்கு அவளே இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டாள். நாங்கள் யாரும் அதைக் கவனிக்காததுபோல் இருந்தோம்.

ஆடிப் பதினெட்டுக்கு எப்போதும் வெல்லம் போட்டுச் சுடுகிற கச்சாயமும் தேங்காய்ச் சாதமும்தான். அரிசியை நனையப் போடப் போனவள், நின்று கூடத்துக்கு வந்து, “இன்னிக்கு என்ன செய்யட்டும் கண்ணு?” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுன்னாலும் சரிம்மா.”

“அதில்ல. உனக்கு என்ன வேணும், சொல்லு.”

யோசித்தாள். எனக்கு வாயில் நாலைந்து பதில் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றத் தொடங்கியது, இவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார், கையைக் காட்டி அவரை அடக்கினேன்.

“தக்காளி ரசம். பூண்டு நெறையா போட்டு. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள்.

ஆடிப் பதினெட்டும் அதுவுமாக வெறும் ரசமா என்று வாய்வரை வந்தது. சரி என்று உள்ளே போனேன். ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டுப் பார்த்தால் உப்பு ஜாடி காலி. கைப்பையில் தேடினேன். காட்டில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த உப்புப் பாக்கெட் அப்படியே இருந்தது. என் விரல் அழுத்திய இடத்தில் உறை குழிந்திருந்தது. இப்போதுதான் பிரித்தேன்.